சிகுர்ட் லெவெரென்ட்ஸ்: கையில் ஒரே ஒரு நாள் இருந்தால் எந்தக் கட்டடத்துக்குப் போவது?

வேலையாக ஸ்டாக்ஹோம் போகிறவர்கள், கோபன்ஹேகனில் ஒரு மாநாடு முடிந்து நடுவில் ஒரு நாள் கிடைத்தவர்கள், ஐரோப்பாவில் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் என்று பலரும் கேட்கிற கேள்வி இது. கல்லூரியில் யாரோ ஒரு ஆசிரியர் இருட்டான செங்கல் தேவாலயத்தின் படத்தைக் காட்டியிருப்பார், அதைக் கட்டிய லெவெரென்ட்ஸ் என்ற சுவீடன் கட்டடக் கலைஞரின் பெயர் மனதில் தங்கியிருக்கும், இப்போது பக்கத்தில் போகிற வாய்ப்பு வந்துவிட்டது. ஆனால் சுவீடன் நீளமான நாடு. ஸ்டாக்ஹோமிலிருந்து தெற்கே, டென்மார்க்கை ஒட்டியிருக்கும் மால்மோவுக்கு வேக ரயிலிலேயே நாலரை மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் பார்ப்பது நடக்காத காரியம், எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

பெரும்பாலோர் யுனெஸ்கோ பட்டியலைப் பார்த்துவிட்டு நேராக ஸ்டாக்ஹோம் வனக் கல்லறைக்குப் போய்விடுகிறார்கள். அது அருமையான இடம், போனவர்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அங்கே பலர் மனம் நிறையப் பார்த்துவிட்டு வருவது லெவெரென்ட்ஸை அல்ல, அவருடைய கூட்டாளி குன்னர் அஸ்ப்லுண்டை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

## யார் இவர்? (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்)

1885இல் வட சுவீடனில் பிறந்தார். படித்தது கோதன்பர்க் சால்மர்ஸ் கல்லூரியில் இயந்திரப் பொறியியல். அதன் பிறகுதான் ஜெர்மனிக்குப் போய் பெர்லினிலும் மியூனிக்கிலும் கட்டடக் கலைஞர்களிடம் வேலை பழகினார். ஊர் திரும்பி, அரசுக் கலைக் கழகத்தின் பழைய பாணிப் பாடங்கள் பிடிக்காமல் 1910இல் அஸ்ப்லுண்ட் உள்ளிட்ட சில மாணவர்களோடு வெளியேறி, ராக்னர் ஓஸ்ட்பெரி போன்ற கட்டடக் கலைஞர்களை ஆசிரியர்களாக வைத்துத் தாங்களே ஒரு பள்ளி நடத்திக்கொண்டார்கள். 1914இல் மால்மோ பால்டிக் கண்காட்சியில் ஒரு தகன மண்டபத் திட்டத்தை லெவெரென்ட்ஸ் வைத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் அஸ்ப்லுண்டோடு சேர்ந்து ஸ்டாக்ஹோம் புதிய கல்லறைக்கான போட்டியில் இறங்குவது என்று முடிவானது. 1915இல் வென்றார்கள். அடுத்த வருடமே மால்மோ கிழக்குக் கல்லறைப் போட்டியைத் தனியாக வென்றார். முப்பத்தொரு வயதுக்குள் இரண்டு பெரிய கல்லறைகள் அவர் கையில்.

அப்புறம் வந்ததுதான் பெரிய அடி. 1930களின் நடுவில் ஸ்டாக்ஹோம் கல்லறை நிர்வாகம் தகன மண்டப வேலையை அஸ்ப்லுண்டிடம் மட்டும் கொடுத்து, இருபது வருடம் அதே மண்ணில் உழைத்த லெவெரென்ட்ஸை விலக்கிவிட்டது. அவர் பெரும்பாலும் கட்டட வேலையிலிருந்தே ஒதுங்கி, ஐடெஸ்டா என்ற தன் நிறுவனத்தில் உலோகச் சன்னல்களும் கதவுப் பொருள்களும் செய்வதில் இறங்கினார். எஸ்கில்ஸ்டுனா ஊரில் பட்டறை. மால்மோ கல்லறை வேலை மட்டும் விட்டு விட்டுத் தொடர்ந்தது. ஊர் அவரை மறந்துவிட்டது என்றே சொல்லலாம். எழுபதைத் தாண்டியபின் பியர்க்ஹாகன் தேவாலயப் போட்டியில் வென்று திரும்பி வந்தார், எண்பதைத் தொடும்போது கிளிப்பான் தேவாலயத்தைக் கட்டினார், 1975 கடைசியில் 90 வயதில் இறந்தார்.

அவர் எழுதியது அனேகமாக ஒன்றுமில்லை. சொற்பொழிவு கிடையாது, கொள்கை விளக்கம் கிடையாது. அஸ்ப்லுண்டைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், இவரை நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு இவர் விஷயத்தில் இவ்வளவு கனம் இருப்பது அதனால்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் கதவு. இதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். லெவெரென்ட்ஸின் கட்டடங்களுக்கு முகப்பு முக்கியமில்லை. ஒரு மனிதன், அதுவும் துக்கத்தோடு வருகிற மனிதன், எந்தப் பக்கமாக உள்ளே வருகிறான், எங்கே காத்திருக்கிறான், முடிந்ததும் எந்தக் கதவு வழியாக எந்த வெளிச்சத்துக்குள் போகிறான் என்பதில்தான் அவருடைய உழைப்பு முழுவதும் இருக்கிறது. வெளியே நின்று படம் எடுத்துவிட்டு வந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது. எனவே நீங்கள் போகிற நேரத்தில் கதவு திறந்திருக்குமா என்பதுதான் முதல் அளவுகோல். புகழ் எல்லாம் அதற்குப் பின்னால்.

இரண்டாவது, பார்ப்பதில் எவ்வளவு அவருடைய கை. மூன்றாவது, போய்வர ஆகிற நேரமும் காசும். நான்காவது, பருவமும் வெளிச்சமும். ஸ்டாக்ஹோமில் டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், இரண்டுக்கும் ஒரே திட்டம் போட முடியாது. ஐந்தாவது கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு: செங்கல், சாந்து, இரும்பு, கண்ணாடி இவற்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்து எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்பது.

## ஸ்டாக்ஹோம் வனக் கல்லறை

சுரங்க ரயிலின் பச்சைப் பாதையில் 18ஆம் எண் வண்டி, மத்திய நிலையத்திலிருந்து கால் மணிக்குச் சற்று மேல், நிலையத்தின் பெயரே ஸ்கூக்ஸ்ஷிர்க்கோகோர்டன். போய்வரும் செலவு ஒரு சாதாரண நகரப் பயணச்சீட்டு. நுழைவுக் கட்டணம் இல்லை, வளாகம் திறந்தே இருக்கும். நூறு ஹெக்டேருக்கு மேல் பைன் காடு. 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

வாசலில் நுழைந்ததும் கண்ணை இழுப்பது கருங்கல் சிலுவையும், அதைத் தாண்டி இருக்கும் தகன மண்டபத்தின் பெரிய தூண் மண்டபமும். அது 1940இல் முடிந்த அஸ்ப்லுண்டின் வேலை, லெவெரென்ட்ஸ் விலக்கப்பட்டபின் கட்டியது. அதே வருடம் அஸ்ப்லுண்ட் இறந்து, அந்த மண்டபத்துக்குப் பக்கத்திலேயே அடக்கமானார். காட்டுக்குள் இருக்கும் சின்ன வனச் சிற்றாலயமும் அஸ்ப்லுண்டுடையது. நடிகை கிரேட்டா கார்போவின் கல்லறையும் பார்த்துவிட்டால் பலருக்கு நேரம் முடிந்துவிடுகிறது.

லெவெரென்ட்ஸைத் தேடிப் போகிறவர்கள் வேறு பக்கம் திரும்ப வேண்டும். முதலில் வலது பக்கம் தெரியும் குன்று, உச்சியில் சதுரமாக மரங்கள். அதன் படிகளைக் கவனியுங்கள்: மேலே போகப் போகப் படியின் உயரம் குறைந்துகொண்டே வரும். துக்கத்தில் இருப்பவர்கள் மூச்சிரைக்காமல் அமைதியாக மேலே வந்து சேரட்டும் என்று செய்தது. ஏறும்போது காலுக்கு மட்டும் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் குன்றிலிருந்து தெற்கே 888 மீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்க்கோட்டில் ஏழு ஊற்றுகளின் பாதை. தொடக்கத்தில் பிர்ச் மரங்கள், வெளிச்சமாக இருக்கும். போகப் போகப் பைன், அப்புறம் ஸ்ப்ரூஸ் என்று அடர்ந்து இருட்டிக்கொண்டே வரும். முடிவில் உயிர்த்தெழுதல் சிற்றாலயம், 1925இல் திறந்தது. முன்னால் தூண் மண்டபம், பின்னால் உயரமான வெறும் சுவர்க் கட்டடம். இரண்டும் ஒட்டியிருப்பதுபோல் தோன்றும், ஒட்டியிருக்காது. பக்கவாட்டில் போய் நின்றால் நடுவில் சின்ன இடைவெளி தெரியும், மண்டபம் ஒரு துளி கோணலாக நிற்பதும் தெரியும். அவ்வளவு துல்லியமான கிரேக்கத் தூண்களை வரைந்த ஒருவர் கை தவறிக் கோணலாக வைத்திருக்க மாட்டார். உள்ளே தெற்குப் பக்கம் ஒரே ஒரு பெரிய சன்னல், அந்த வெளிச்சம் சவப்பெட்டி இருக்கும் இடத்தில் விழும். உறவினர்கள் வடக்கே நுழைந்து, சடங்கு முடிந்ததும் வந்த வழியே திரும்பாமல் மேற்குப் பக்கத் தாழ்ந்த கதவு வழியாகச் சூரியன் இருக்கும் பக்கம் வெளியே போவார்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு சிக்கலைச் சொல்ல வேண்டும். அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. சிற்றாலயங்கள் இன்றும் அடக்கச் சடங்குகளுக்குப் பயன்படுகின்றன. கோடைக்கால வழிகாட்டி நடையில் சேர்ந்தால் சில இடங்களுக்கு உள்ளே போக வாய்ப்பு உண்டு, எந்தச் சிற்றாலயம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே மறைந்திருக்கும் செலவு காசு அல்ல, நேரமும் காலும். 888 மீட்டர் பாதை, திரும்பி வருவது, குன்று, காடு எல்லாம் சேர்த்தால் அரை நாள் போய்விடும். ஜனவரியில் பனி உறைந்து வழுக்கும் தரையில் நடப்பது வேறு. ஒரு சடங்கு நடந்துகொண்டிருந்தால் கேமராவைப் பையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிலத்தை, மரத்தை, நடையை வைத்து ஒரு கட்டடக் கலைஞர் என்ன செய்ய முடியும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதுதான் இடம். குடும்பத்தோடு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இது சௌகரியம். நவம்பர் தொடக்கத்தில் சகல பரிசுத்தவான்கள் நாளுக்கு அங்கே இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இருட்டும் நேரத்தில் போங்கள், கல்லறைகள் முழுக்க மெழுகுவத்தி எரியும்.

## பியர்க்ஹாகன், புனித மாற்கு தேவாலயம்

இதுவும் ஸ்டாக்ஹோம்தான், அதே பச்சைப் பாதைதான், ஆனால் 17ஆம் எண் வண்டி. இரண்டு வண்டிகளும் ஷேர்மார்பிரிங்க் வரை ஒன்றாக வந்து அங்கே பிரிகின்றன. இது தெரியாமல் இரண்டையும் இரண்டு தனி நாளாகத் திட்டமிடுகிறவர்கள் உண்டு.

1960இல் திறந்த தேவாலயம். பிர்ச் மரத் தோப்புக்குள், நிலையத்துக்குப் பக்கத்தில், ரயிலிலிருந்து இறங்கினால் கோயில் என்றே தோன்றாத அளவுக்குத் தாழ்வாக, கரும்பழுப்புச் செங்கலில் இருக்கும். ஹெல்சிங்போரிச் செங்கல். இங்கேதான் அவர் அந்தப் புகழ்பெற்ற நிபந்தனையைப் போட்டார்: ஒரு செங்கல்லையும் வெட்டக் கூடாது.

கொத்து வேலை பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். மூலை வருகிறது, சன்னல் விளிம்பு வருகிறது, அளவு பொருந்தவில்லை என்றால் கரணையால் ஒரு தட்டு தட்டி அரைக்கல்லோ முக்கால் கல்லோ போடுவோம். அது கூடாது என்றால் மிச்சமாகிற அளவையெல்லாம் சாந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் சுவரில் இணைப்புகள் ஒரு இடத்தில் ஒல்லியாக, இன்னொரு இடத்தில் கல்லுக்குப் போட்டியாகப் பட்டையாக இருக்கும், சாந்தைக் கல்லின் மேலேயே இழுத்துத் தேய்த்துவிட்டிருப்பார்கள். முதலில் பார்த்தால் வேலை தெரியாத ஆள் கட்டியது போலிருக்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால்தான் ஒவ்வொரு கல்லையும் எங்கே வைப்பது என்று யாரோ யோசித்து வைத்திருப்பது பிடிபடும். கூரையும் செங்கல்தான், இரும்பு உத்திரங்களுக்கு நடுவே தாழ்ந்த வளைவுகளாக. 1962இல் கட்டடக்கலைக்கான சுவீடனின் காஸ்பர் சாலின் பரிசு இதற்குக் கிடைத்தது.

இதன் பெரிய பலம் கதவு. உயிரோடு இயங்குகிற சபை, ஞாயிறு ஆராதனைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். தமிழ் லுத்தரன் சபையில் வளர்ந்தவர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் ஆராதனையின் போக்கு புரிந்துவிடும், அந்தச் சபையின் தரங்கம்பாடிப் பேராயர்களில் முதல்வரே சுவீடன்காரர்தான். ஆராதனை நேரத்தில் சுற்றிப் படம் எடுக்க முடியாது, ஆனால் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து செங்கல்லின் மேல் வெளிச்சம் நகர்வதைப் பார்க்கலாம். இவர் கட்டடத்தைப் பார்க்க அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

குறை என்றால், வார நாளில் போனால் திறந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சபை அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், ஆங்கிலத்தில் எழுதினாலே போதும்.

## மால்மோ கிழக்குக் கல்லறை

இங்கே சொல்லும் நான்கு இடங்களில் பலர் விட்டுவிடுகிற இடம் இது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1916இல் போட்டியில் வென்றதிலிருந்து சாகிற வரைக்கும் ஏறக்குறைய அறுபது வருடம் இந்த ஒரே இடத்துக்கு அவர் திரும்பத் திரும்ப வந்து வேலை செய்தார். 1920களின் செவ்வியல் பாணி, 1940களில் புனித குனூட், புனித கெர்ட்ரூட் சிற்றாலயங்கள், 1969இல் வாசலோரம் ஒரு பூக்கடை. ஒருவருடைய முழு வாழ்க்கை வேலையையும் ஒரே நடையில் பார்க்க முடிகிற இடம் உலகத்திலேயே அபூர்வம்.

ஸ்டாக்ஹோமைப் போல் காடு கிடையாது. தெற்கு சுவீடனின் ஸ்கோனே பகுதிக்கே உரிய தட்டையான வயல்வெளி, நடுவில் நீளமாக ஒரு மேடு. அந்த மேட்டை அப்படியே விட்டு, அதை வைத்தே முழுக் கல்லறையையும் அமைத்தார்.

பூக்கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னது என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எண்பத்து நாலு வயதில் செய்தது. வெறும் கான்கிரீட், ஒரு பக்கம் சாய்ந்த செப்புக் கூரை. சன்னலுக்குச் சட்டம் இல்லை. சுவரில் ஓட்டை, ஓட்டையைவிடப் பெரிய கண்ணாடியை வெளிப்பக்கமாகச் சுவர்மேல் வைத்து மூடிவிட்டார். உள்ளே மின்சாரக் கம்பிகளை மறைக்கவில்லை, கான்கிரீட் சுவர்மேல் அவை வளைந்து வளைந்து ஓடுவது கொடி படர்ந்த மாதிரி இருக்கும். வருடக்கணக்கில் சன்னல் சட்டம் செய்து விற்று, அதற்குக் காப்புரிமையும் வாங்கி வைத்திருந்த மனிதர் கடைசியில் சட்டமே தேவையில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதை நினைத்தால் இந்தச் சின்னக் கடை எனக்குப் பெரிய கட்டடமாகத் தெரிகிறது.

கதவு விஷயத்தில் பாதி வெற்றி. கல்லறை வளாகம் எப்போதும் போகக் கூடியது, சிற்றாலயங்களின் உள்ளே போவது நிச்சயமில்லை. ஆனால் முன்மண்டபங்களும் முற்றங்களும் வெளியிலேயே இருப்பதால் நுழைவும் காத்திருப்பும் எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கதவு மூடியிருந்தாலும் கணிசமாகப் பார்த்துவிடலாம். கோபன்ஹேகன் விமான நிலையத்திலிருந்து பாலம் வழியாக மால்மோ ரயிலில் அரை மணிக்குள், அங்கிருந்து நகரப் பேருந்து. பாலம் தாண்டினால் நாடு மாறுகிறது, எனவே பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். மறைந்திருக்கும் செலவு காற்று. சமவெளி, கடல் பக்கம், ஒதுங்க இடம் குறைவு. மார்ச்சில்கூட நல்ல கோட்டு இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காது.

## கிளிப்பான், புனித பேதுரு தேவாலயம்

படங்களில் நீங்கள் பார்த்தது அனேகமாக இதைத்தான். 1963இல் தொடங்கி 1966இல் முடிந்தது. கிளிப்பான், காகித ஆலைக்குப் பெயர்போன ஸ்கோனே ஊர். ஹெல்சிங்போரியிலிருந்து ஹெஸ்லேஹோல்ம் போகிற உள்ளூர் ரயில் பாதையில் இருக்கிறது. மால்மோவிலிருந்தோ கோபன்ஹேகனிலிருந்தோ போனால் வண்டி மாற வேண்டியிருக்கும், போய்வர ஒரு நாளை ஒதுக்கிவிட வேண்டும்.

நேராக உள்ளே நுழைய முடியாது. ஒரு சின்ன, தாழ்ந்த, இருட்டான முன்னறை வழியாகத்தான் போக வேண்டும். அங்கிருந்து உள்ளே போனால் இன்னும் இருட்டு. பத்து நிமிடம் ஒன்றும் சரியாகத் தெரியாது, பொறுமையாக உட்காருங்கள். கண் பழகியதும் தரை, சுவர், கூரை எல்லாமே செங்கல் என்று தெரியும், பலிபீடமும் பிரசங்க மேடையும்கூடச் செங்கல்தான். தரை பலிபீடத்தை நோக்கிச் சற்றே சரிகிறது. நடுவில், ஆனால் சரியாக நடுவில் இல்லாமல், ஒரு இரும்புத் தூண், மேலே குறுக்கு உத்திரம். கூரையைத் தாங்குகிற வேலையைத்தான் செய்கிறது, பார்க்கிறவர்களுக்கு அதுவே சிலுவை. சன்னல்களில் பூக்கடையில் சொன்ன அதே முறை, உண்மையில் அதற்கு முன்னால் இங்கேதான் முழுமையாகச் செய்து பார்த்தார்: உள்ளிருந்து பார்த்தால் சட்டமும் இல்லை, கண்ணாடி இருப்பதும் தெரியாது, சுவரில் வெறும் சதுர ஓட்டை, அதற்கு அப்பால் மரம். வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தால்தான் கண்ணாடியைச் சில இரும்புப் பிடிகள் சுவரோடு சேர்த்துப் பிடித்திருப்பது தெரியும்.

ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். பெரிய வெள்ளைச் சிப்பி ஓடு, இரும்புத் தாங்கியில். அதற்குக் கீழே செங்கல் தரை லேசாகப் புடைத்து, ஓர் இடத்தில் வாய் பிளந்தாற்போல் இடுக்கு விட்டிருக்கிறது. சிப்பியில் நிரம்பிய நீர் சொட்டுச் சொட்டாக அந்த இடுக்குக்குள் இருக்கும் தண்ணீரில் விழும். அந்தச் சத்தம் முழு ஆலயத்திலும் கேட்கும். எந்தப் படத்திலும் இது வராது.

ஐந்து அளவுகோல்களில் மூன்றில் கிளிப்பான் முதலிடம், பயண நேரத்தில் கடைசி, ஆனால் முதல் அளவுகோலில் தவறினால் எல்லாம் போச்சு. மற்ற இடங்களில் கதவு மூடியிருந்தாலும் தோட்டமோ காடோ மண்டபமோ மிஞ்சும். இங்கே மூடியிருந்தால் ஒரு கறுப்புச் சுவரைச் சுற்றி வந்துவிட்டு அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சபை அலுவலகத்திலிருந்து பதில் வராமல் ரயில் டிக்கெட் போடாதீர்கள். திருமணமோ அடக்கமோ இருந்தால் அன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | வனக் கல்லறை | பியர்க்ஹாகன் | மால்மோ | கிளிப்பான் |
|---|---|---|---|---|
| உள்ளே போக முடியுமா | கோடை வழிகாட்டி நடையில் ஓரளவு | ஞாயிறு உறுதி, மற்ற நாள் கேட்டு | சிற்றாலயங்கள் நிச்சயமில்லை | கேட்டு உறுதி செய்தால் மட்டும் |
| யாருடைய கை | இருவர், கண்ணில் படுவது அஸ்ப்லுண்ட் | முழுக்க இவர் | முழுக்க இவர் | முழுக்க இவர் |
| தேவைப்படும் நேரம் | அரை நாள் | இரண்டு மணி நேரம் | அரை நாள் | பயணத்தோடு முழு நாள் |
| குளிர்காலத்தில் | கடினம், நவம்பர் தொடக்கம் விதிவிலக்கு | பரவாயில்லை | காற்று அதிகம் | உள்ளே போய்விட்டால் சிக்கலில்லை |
| கட்டுமானம் கற்க | குறைவு | அதிகம் | நடுத்தரம் | மிக அதிகம் |

பட்டியலில் சேர்க்காத சில உண்டு. ஸ்டாக்ஹோம் நடுவிலேயே 1932இல் முடிந்த காப்பீட்டு அலுவலகம் இருக்கிறது, மால்மோ நாடக அரங்கில் அவருக்கும் பங்கு உண்டு, பால்ஸ்டர்போவில் ஒரு கடற்கரை வீடு. முதலாவது அலுவலகக் கட்டடம், மூன்றாவது தனியார் வீடு, ஒரு நாள் மட்டும் இருக்கிறவர்கள் இவற்றுக்காக அலைய வேண்டாம்.

## சரி, எதைத்தான் தேர்ந்தெடுப்பது?

ஸ்டாக்ஹோமில் ஒரு ஞாயிறு கிடைத்தால் பியர்க்ஹாகன் ஆராதனைக்குப் போங்கள், முடிந்ததும் ஷேர்மார்பிரிங்க் வந்து வண்டி மாறி வனக் கல்லறை. அங்கே முன்வாசல் சிலுவையைப் பார்த்துவிட்டு நேராகக் குன்று, ஏழு ஊற்றுகளின் பாதை, உயிர்த்தெழுதல் சிற்றாலயம். தகன மண்டபத்தைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். முப்பத்தைந்து வருட இடைவெளியில் ஒரே மனிதர் கட்டிய இரண்டு கட்டடங்கள், ஒன்றில் கிரேக்கத் தூண், மற்றொன்றில் வெட்டாத செங்கல். இந்தத் திட்டத்தில் ஏமாற்றத்துக்கு இடமே இல்லை என்பதால் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். வார நாள் என்றால் வரிசையை மாற்றி வனக் கல்லறையைப் பிரதானமாக வையுங்கள்.

கோபன்ஹேகனிலோ மால்மோவிலோ இருக்கிறவர்களுக்கு: கிளிப்பான் சபையிலிருந்து உறுதியான பதில் வந்துவிட்டால் கிளிப்பான். நீங்கள் கட்டடக்கலைக்காரராகவோ கட்டுமானப் பொறியாளராகவோ இருந்தால் இதற்காக ஸ்டாக்ஹோமையே விட்டுவிட்டுத் தெற்கே வந்தாலும் தகும் என்பேன். பதில் வரவில்லையா, தயங்காமல் மால்மோ கல்லறை. அதை இரண்டாம் பரிசாக நினைக்க வேண்டாம்.

வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு வனக் கல்லறையின் நீளம் சிரமம். பியர்க்ஹாகனில் நிலையத்திலிருந்து நடை குறைவு, உள்ளே உட்கார்ந்தே பார்க்கலாம்.

மாணவர்களுக்கு ஒன்று தனியாக. அவருடைய வரைபடங்கள் ஸ்டாக்ஹோம் ஷெப்ஸ்ஹோல்மன் தீவில் ஆர்க்டெஸ் என்ற கட்டடக்கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. படிப்புக்காக என்றால் பல வாரம் முன்பே எழுதிக் கேட்டுப் பாருங்கள். கட்டடத்தைப் பார்த்த பின் வரைபடத்தைப் பார்ப்பது நல்லது, மாற்றிச் செய்தால் கிளிப்பானில் உங்கள் கண் வரைபடத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

டிசம்பர், ஜனவரியில் மட்டும்தான் போக முடியும் என்றால் எந்த ஊரானாலும் காலை பத்து மணிக்கு முன்னால் கிளம்பவும் வேண்டாம், பகல் ஒன்றரைக்குப் பின் புதிதாக எதையும் தொடங்கவும் வேண்டாம். கட்டணம் எல்லாம் கார்டில்தான், ரொக்கம் மாற்றி வைத்து அலையாதீர்கள். நீண்ட தூர ரயில் டிக்கெட்டைச் சீக்கிரம் போட்டால் விலை நிறையக் குறையும், உள்ளூர் ரயிலுக்கு அந்தக் கவலை இல்லை.